மகிழம்பூ டப்பா

"இந்த நாய்க்கு மூக்கே இல்லீங்க, மாஸ்டர்," என்றார் அர்த்தநாரி.

நாய் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. பேச்சு தன்னைப் பற்றித்தான் என்று அதற்குத் தெரியும். வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு நிறுத்திக்கொண்டது.

மாஸ்டர் நாய்களின் சோற்றுக்குக் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இருக்குதே. மூஞ்சிக்கு நடுவுல."

"கேலி பண்ணாதீங்க. போன வாரம் எனக்குச் சர்க்கரை இறங்கிப்போச்சு. நடுவூட்டுல சாஞ்சுட்டேன். எதிர்க்கடைக்காரர் பாத்து ஓடியாந்து சர்க்கரைத் தண்ணி குடிக்க வெச்சாரு. அப்ப இது எங்க இருந்துச்சுன்னு கேளுங்க."

"எங்க இருந்துச்சு?"

"பீரோ முன்னாடி. காலைத் தூக்கிட்டு உக்காந்திருக்குது. முடிவெட்ட வந்தவனாட்ட."

மாஸ்டர் அடுத்த கேரட்டை எடுத்தாள்.

"கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா மரத்தடியில உக்காந்துக்குது. இழுத்தாலும் வர்றதில்ல. பக்தி முத்திப்போச்சாட்ட இருக்குது."

கத்தி நின்றது.

"என்ன மரம்?"

"மகிழ மரமுங்க."

"பீரோல என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க."

மாஸ்டர் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பொடவைங்க," என்றார் அர்த்தநாரி.

"நாளைக்கு வர்றப்ப, வேர்வை தொடச்சு வெச்சிருக்கற பஞ்சை எல்லாம் கொண்டாங்க," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

*

இந்த இடத்தில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அதிகம் பேர் இல்லை.

அர்த்தநாரி மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கருகிப்போன மோட்டாரை அவிழ்த்து, பழைய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். முன்னால் கடை, பின்னால் வீடு. கல்யாணத்துக்கு முந்தியே சர்க்கரை நோய் வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் ஊசிதான்.

ஊரில் மற்றவர்களுக்குச் சர்க்கரை ஏறிவிடுமோ என்று பயம். இவருக்கு இறங்கிவிடுமோ என்று பயம். ஏறினால் மெதுவாகத்தான் தொந்தரவு கொடுக்கும். இறங்கினால் பேசிக்கொண்டிருக்கிற ஆளை அப்படியே சாய்த்துவிடும்.

முன்பெல்லாம் இறங்கும்போது கை நடுங்கும். நெஞ்சு படபடக்கும். வருஷம் போகப் போக அதுவும் நின்றுபோனது. வேர்ப்பது மட்டும் வேர்க்கும். அதுவும் கம்பி சுற்றுகிற சூட்டில் எந்த வேர்வை எதனால் என்று யாருக்குத் தெரியும்?

"உங்க உடம்பு சொல்றதை நிறுத்திடுச்சு. இனி வேற யாராவதுதான் உங்களுக்குச் சொல்லணும்," என்றார் டாக்டர்.

அந்த வேற யாராவது ருக்குமணி. அர்த்தநாரியின் மனைவி. அவள் இருந்தவரை அவர் ஒருநாளும் சாய்ந்ததில்லை.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

மகள் நிவேதா புனேயில் வேலை பார்க்கிறாள். "என்கூட வந்துடுங்கப்பா," என்று போனில் தினமும் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் அழுது பார்த்தாள். கடைசியில் கெடு வைத்தாள்.

"அம்மா வருஷத் திதிக்கு வருவேன். அதுக்குள்ள சர்க்கரை இறங்கறதைக் கண்டுபிடிக்க உங்க நாய் கத்துக்கிட்டாச் சரி. இல்லேன்னா வீட்டைப் பூட்டிட்டு நீங்க என்கூடக் கிளம்பறீங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த வீட்டில்தான் ருக்குமணியின் குரல் இருந்தது. அவள் நின்ற இடம் இருந்தது. அதைப் பூட்டுவது அவளை உள்ளே வைத்துப் பூட்டுவது மாதிரி அர்த்தநாரிக்கு.

நாயின் பேர் கருப்பட்டி. நிறம் அப்படி. சந்தைக்குப் பின்னால் கிடந்த குட்டி. சர்க்கரை நோய்க்காரர் வீட்டில் இப்படியொரு பேரா என்று தெருவே சிரித்தது.

மாஸ்டரின் பேர் எஸ்தர். மலையடிவாரத்தில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தகரக் கொட்டகை போட்டு நாய்களோடு இருக்கிறாள். போலீஸில் மோப்ப நாய்களைப் பழக்கியவள். வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டால், நாய்க்குத் தண்ணீர் வைக்க எழுந்து போய்விடுவாள். அர்த்தநாரியைவிட இருபது வயதுக்கு மேல் சின்னவள். இருந்தாலும் அவள் முன்னால் அவர் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார். உயிர்ப்பயம் வந்தவனுக்குக் கூச்சமெல்லாம் போய்விடும்.

முதல் நாள் வந்தபோது, "பழக்கின நாய் விலைக்குக் கிடைக்குங்களா?" என்று கேட்டார்.

"கிடைக்காது. வேர்வை உங்களுது. நாயும் உங்களுதா இருக்கணும். பழக்கறதும் நீங்கதான்."

"அப்ப நீங்க எதுக்குங்க?"

"நீங்க தப்புப் பண்றப்பப் பாக்கறதுக்கு."

செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தாள். சர்க்கரை இறங்கும்போது ஆளின் வாசம் மாறும். மனுஷனுக்குத் தெரியாது, நாய்க்குத் தெரியும். விரலில் குத்தி மெஷினில் பார்த்து, இறங்கியிருந்தால் முதலில் எதையாவது இனிப்பாகத் தின்ன வேண்டும். தின்றுகொண்டே பஞ்சால் பின்கழுத்தையும் உள்ளங்கையையும் துடைத்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, ஃப்ரிட்ஜில் மேல்தட்டில் உறைய வைக்க வேண்டும். நன்றாக இருக்கிறபோதும் துடைத்துத் தனியாக வைக்க வேண்டும். ரெண்டையும் மாற்றி மாற்றி நாய்க்குக் காட்ட வேண்டும். இறங்கின பஞ்சைக் கண்டுபிடித்து அதன் முன் உட்கார்ந்து காலைத் தூக்கினால் வேக வைத்த ஈரல். மற்றதற்கு ஒன்றும் கிடையாது.

"நாயை நம்பி மெஷினைத் தூக்கிப் போட்டுடாதீங்க," என்றும் சொல்லியிருந்தாள்.

அர்த்தநாரி எல்லாவற்றையும் சொன்னபடியே செய்தார். ஒன்றைத் தவிர.

*

மறுநாள் பையைப் பிரித்தார். சில கண்ணாடி பாட்டில்கள். ஒரு எவர்சில்வர் டப்பா.

"பாட்டில்ல இருக்கறதெல்லாம் நல்லா இருக்கறப்ப எடுத்ததுங்க. டப்பால இருக்கறது சர்க்கரை இறங்கி லோ ஆனப்ப எடுத்ததுங்க."

"கண்ணாடியிலதான வைக்கச் சொன்னேன்?"

"இது மூடி நல்லா இறுக்கமுங்க."

மாஸ்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. ருக்குமணி. கல்யாணச் சீரில் வந்த டப்பா.

மூடியைத் திறந்து மூக்கருகே வைத்தாள்.

"இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"மகிழம்பூவுங்க. காய்ஞ்சாலும் வாசம் போகாதுன்னு பொறுக்கியாந்து பொடவைக்கு நடுவுல வெப்பா."

டப்பாவின் விளிம்பு மடிப்பில் ஒரு காய்ந்த பூ ஒட்டிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அதை நகத்தால் எடுத்தாள். கொட்டகைக்கு வெளியே மண் சட்டிகள் வரிசையாகக் கவிழ்த்துக் கிடந்தன. எல்லாவற்றின் அடியிலும் ஓட்டை. ஒரு சட்டிக்குக் கீழே பூவை வைத்துவிட்டு வந்து, கருப்பட்டியின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

கருப்பட்டி சட்டி சட்டியாக முகர்ந்து போனது. ஒன்றின் முன் உட்கார்ந்தது. முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு அர்த்தநாரியைத் திரும்பிப் பார்த்தது. அதன் முகத்தில் அத்தனை பெருமை.

மாஸ்டர் சட்டியைத் தூக்கினாள். பூ இருந்தது.

"மூக்கு இருக்குதுங்களா?"

அர்த்தநாரி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"லோ பஞ்சை மட்டும் ஏன் இதுல வெச்சீங்க?"

அவர் டப்பாவைப் பார்த்தார்.

"லோ ஆனாப் பாத்துக்கறது அவதானுங்களே," என்றார்.

நாய் தூக்கிய காலோடு காத்திருந்தது. ஈரல் வரவில்லை. மெல்லக் காலைக் கீழே வைத்தது.

*

"ஒண்ணு கேக்கட்டுங்களா, மாஸ்டர்?"

"கேளுங்க."

"நாய் பழக்கினாத் தெரிஞ்சுக்கும். அவளை யாரும் பழக்கல. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அவங்க என்ன பண்ணுவாங்க?"

"நான் கடையில காயில் கட்டிட்டு இருப்பேன். உள்ள இருந்து வருவா. முந்தானையில முடிஞ்சு வெச்ச வெல்லத்தை எடுத்து நீட்டுவா. தின்னுபோட்டு மெஷின்ல பாத்தா இறங்கியிருக்கும். ஒருநாளும் தப்பினதில்ல."

"வெல்லம் நீட்டறதுக்கு முன்னாடி?"

"முன்னாடி என்னங்க? வந்து பின்னால நிப்பா."

"நின்னு?"

அர்த்தநாரிக்குக் காது சிவந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இப்படியெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

"பின்கழுத்துல மூஞ்சிய வெப்பாளுங்க. கடையில ஆளுக நிப்பாங்க. எனக்கு வெக்கமாப் போயிரும். 'சும்மா இரு புள்ள, ஆளுக பாக்கறாங்க'ம்பேன். அப்பறந்தான் நகருவா."

"எதுக்கு அப்படி வெப்பாங்க?"

"எதுக்குன்னா? சும்மாதானுங்க. பொண்டாட்டிதானே."

மாஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் எழுந்து நாய்களுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

*

பழைய பஞ்சை எல்லாம் எரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொன்னாள். இந்த முறை கண்ணாடி பாட்டில்.

"டப்பாவை ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிடட்டுங்களா?" என்று அர்த்தநாரி ஆசையாகக் கேட்டார்.

"இங்க இருக்கட்டும். அதுவும் ஒரு சட்டிக்குக் கீழ வைக்கணும்."

"எதுக்குங்க?"

"அது முன்னாடி உக்காந்தா ஒண்ணும் குடுக்காதீங்க. பாட்டில் முன்னாடி உக்காந்தா ஈரல் குடுங்க."

"பாவமுங்க. நாம சொல்லிக் குடுத்ததைத்தான அது செய்யுது?"

"ஆமா. பாவந்தான்."

அதோடு பேச்சு முடிந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் வாய்க்காலைத் தாண்டி வந்தார். கருப்பட்டி ஓடும். ருக்குமணியின் டப்பா இருக்கிற சட்டி முன் உட்காரும். காலைத் தூக்கும். அர்த்தநாரியைப் பார்க்கும்.

அவர் ஒன்றும் கொடுக்கக் கூடாது. முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய கஷ்டம் அவருக்கு வாழ்நாளில் வந்ததில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ருக்குமணியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று வந்து நிற்கிற ஜீவனைப் பார்த்து, அது வேண்டாம் என்று முகம் திருப்புவதாவது!

ஒருநாள் மாஸ்டர் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, டப்பா முன் உட்கார்ந்த நாய்க்கு ஒரு துண்டு ஈரலைக் கொடுத்துவிட்டார்.

மாஸ்டர் திரும்பி வந்தாள். நாயின் வாயைப் பார்த்தாள். அவர் விரலைப் பார்த்தாள். திட்டவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"இனிமேத் தர மாட்டனுங்க," என்றார்.

தரவும் இல்லை. கெட்டியாகக் கையை மூடிக்கொண்டு நின்றார். ஆனாலும் நாய் மாறவில்லை. சட்டிகளை எப்படி மாற்றி வைத்தாலும் சுற்றி வந்து டப்பா முன்னால்தான் உட்கார்ந்தது. திதி நெருங்கிக்கொண்டே வந்தது. நிவேதா டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"இதுக்கு அந்த வாசம் மண்டையில ஏறிப்போச்சுங்க. இனி மாறாது," என்றார் அர்த்தநாரி.

மாஸ்டர் சட்டிகளை மாற்றி அடுக்கினாள். அவரிடம் திரும்பினாள்.

"மூணாவது சட்டியில உங்க டப்பா இருக்குது. பேசாம நில்லுங்க. நாயை விடறேன்."

கருப்பட்டி வரிசையாக முகர்ந்தது. முதல் சட்டியைத் தாண்டியது. ரெண்டாவதைத் தாண்டியது. மூன்றாவதில் மூக்கை வைத்தது. தலையைத் தூக்கி அர்த்தநாரியைப் பார்த்தது. உட்கார்ந்தது. காலைத் தூக்கியது.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல," என்றார் அவர்.

"தூக்கிப் பாருங்க."

அர்த்தநாரி சட்டியைத் தூக்கினார்.

அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் மண்.

"டப்பா எங்கீங்க?"

"கொட்டகைக்குள்ள. அலமாரியில."

அவருக்குப் புரியவில்லை. சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்தது.

"அது மூணாவது சட்டிகிட்டப் போறப்ப நீங்க மூச்சைப் பிடிச்சீங்க," என்றாள் மாஸ்டர்.

*

அன்றைக்கு அர்த்தநாரி கடை திறக்கவில்லை. சட்டிகளுக்குப் பக்கத்திலேயே வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னால அவளை மறக்க முடியாதுங்க, மாஸ்டர்," என்றார்.

"நான் மறக்கச் சொல்லலீங்க. மூச்சு விடத்தான் சொல்றேன்."

"அந்த டப்பாவைப் பாத்தா மூச்சு நிக்குதே. என்ன பண்றது?"

"நிக்கற வரைக்கும் நாய் அங்கதான் உக்காரும்."

"அப்ப நாயைப் பழக்கறதை விட்டுபோட்டு என்னையப் பழக்கறீங்களா?"

மாஸ்டர் சிரித்தாள். அவள் சிரித்து அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் வீட்டுக்குப் போனார். ருக்குமணி போன பிறகு அவர் பீரோவை முழுதாகத் திறந்ததே இல்லை. டப்பாவை எடுத்தபோதுகூடக் கதவைக் கொஞ்சமாக விலக்கிக் கையை மட்டும் விட்டு எடுத்துக்கொண்டு மூடிவிட்டார். இப்போது ரெண்டு கதவையும் திறந்தார். மகிழம்பூ வாசம் முகத்தில் அடித்தது. அவள் பொங்கலுக்கு எடுத்த மாம்பழக் கலர் புடவை மேலாக இருந்தது. இன்னும் ஃபால்ஸ்கூடத் தைக்கவில்லை.

மூச்சு நின்றது.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மூச்சை விட்டார். விட்டபோது அழுகையும் கூட வந்துவிட்டது. ஆளில்லாத வீட்டில் வாய்விட்டு அழுதார். கருப்பட்டி பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது. காலைத் தூக்கவில்லை.

மறுநாளும் திறந்தார். அதற்கடுத்த நாளும். சில நாள் அழுகை வந்தது. சில நாள் அவள் மேல் கோபம் வந்தது, இப்படித் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று. ஒருநாள் வேறொரு புடவையின் மடிப்பில் ஒரு வெல்லத் துண்டு அகப்பட்டது. முந்தானையில் முடிந்தபடியே மறந்து துவைக்காமல் மடித்து வைத்திருக்கிறாள். எறும்பு தின்றது போக மிச்சம். அன்றைக்குச் சிரிப்புதான் வந்தது.

ஒரு நாள் காலையில் மாஸ்டர் சட்டிகளை அடுக்கிவிட்டு, எதில் எது இருக்கிறது என்று ஒன்றும் சொல்லாமல் நாயை விட்டாள்.

கருப்பட்டி ஒரு சட்டி முன்னால் நின்றது. அர்த்தநாரியைத் திரும்பிப் பார்த்தது. அதில் டப்பாதான் இருக்கிறதென்று அது பார்த்த பார்வையிலேயே அவருக்குத் தெரிந்துபோனது.

அவர் மூச்சை உள்ளே இழுத்தார். வெளியே விட்டார்.

நாய் இன்னும் கொஞ்சம் காத்துப் பார்த்தது. அப்புறம் அதைத் தாண்டிப் போனது. கடைசிச் சட்டி முன் உட்கார்ந்து காலைத் தூக்கியது.

கண்ணாடி பாட்டில்.

அவர் கை நிறைய ஈரல் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்றும் இருந்தது, ருக்குமணியை நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்த மாதிரியும் இருந்தது.

"பழகிடுச்சுங்களா, மாஸ்டர்?"

"பாட்டிலைக் கண்டுபிடிக்கப் பழகிடுச்சு."

"என்னைய?"

"அது உங்களுக்கு வர்றப்பத்தான் தெரியும்."

டப்பாவைக் கழுவித் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். "இனி இது உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றாள்.

*

திதியன்று காலையில் அர்த்தநாரி குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய், உதிர்ந்து கிடந்த மகிழம்பூவைப் பொறுக்கி டப்பா நிறையக் கொண்டுவந்தார்.

ருக்குமணியின் படத்துக்குக் கீழே மாம்பழக் கலர் புடவையை மடித்து வைத்தார். அதன்மேல் டப்பாவைத் திறந்து வைத்தார். தலைவாழை இலையில் சோறு, பருப்பு, வடை, அதிரசம். அதிரசம் அவளுக்குப் பிடிக்கும். இவர் தின்னக் கூடாது என்பதால் வீட்டில் செய்ததே இல்லை. கடையில் வாங்கி வந்தார்.

காக்காவுக்கு வைத்த உருண்டை பின்பக்க மதில்மேல் இருந்தது. காக்கா எடுத்த பிறகுதான் இவர் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொட வேண்டும். ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்தார். சாப்பாடு தள்ளிப் போகும் என்று அளவைக் குறைத்துத்தான் போட்டார். காக்கா சீக்கிரம் வந்துவிடும் என்ற நம்பிக்கை.

காக்கா வரவில்லை.

"கா, கா," என்று கூப்பிட்டுப் பார்த்தார். பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனா மேல் ரெண்டு உட்கார்ந்திருந்தன. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வருத்தமா, ருக்கு? அன்னிக்குத் தாண்டிப் போனமே, அதுக்கா?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டார்.

நிவேதா ஸ்டேஷனில் இறங்கிவிட்டதாகப் போன் செய்தாள். "அப்பா, நாய்?" என்றாள். அவர் வாய்க்குள் என்னவோ சொல்லி வைத்துவிட்டார்.

படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார். வீடு முழுக்க மகிழம்பூ வாசம். கண்ணை மூடினால் அவள் குளித்துவிட்டு வந்து நிற்கிற மாதிரியே இருந்தது.

கருப்பட்டி எழுந்து வந்தது. புடவையை முகர்ந்தது. டப்பாவை முகர்ந்தது.

அதன் முன்னால் உட்கார்ந்தது.

அர்த்தநாரி அதைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு. நிவேதா வந்துகொண்டிருக்கிறாள். வீட்டைப் பூட்ட வேண்டியதுதான். கண் முன்னால் இலை மங்கலாகத் தெரிந்தது. அழுகையால் என்று நினைத்துக்கொண்டார்.

நாய் காலைத் தூக்கவில்லை. டப்பாவைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. மூக்கு மேலும் கீழும் ஆடியது.

எழுந்தது. புடவையைச் சுற்றிக்கொண்டு, இலையைச் சுற்றிக்கொண்டு, அவர் முதுகுப் பக்கம் போனது.

பின்கழுத்தில் ஈரமாக என்னவோ பட்டது. முகம் ஒன்று அங்கே பதிந்து, ஆழமாக மூச்சை இழுத்தது.

"சும்மா இரு புள்ள," என்றார் அர்த்தநாரி.

சொன்ன குரல் அவர் காதிலேயே விழுந்தது.

அவர் அசையவில்லை.

நாய் முன்னால் வந்து அவர் முட்டிமேல் காலை வைத்தது. மறுபடி வைத்தது. நகத்தால் பிறாண்டியது. குரைத்தது.

அர்த்தநாரி கையை நீட்டினார். கை எங்கேயோ போயிற்று. ரெண்டாம் தரம் நீட்டி, ருக்குமணியின் இலையிலிருந்து அதிரசத்தை எடுத்து வாயில் போட்டு மென்றார். இன்னொன்றையும் எடுத்தார்.

ஆட்டோ வந்து நின்றது. நிவேதா, அவர் துணிமணிகளை எடுத்துப் போகக் கொண்டுவந்த பெரிய காலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அப்பா! காக்கா எடுக்கறதுக்கு முன்னாடியா?"

அப்புறம்தான் அவர் சட்டை நனைந்திருந்ததைப் பார்த்தாள். பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் மெஷினை எடுத்து வந்தாள். அவர் விரலைப் பிடித்துக் குத்தினாள். நம்பரைப் பார்த்தாள். ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்து அவர் குடித்து முடிக்கும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி குத்திப் பார்த்தாள். ஏற ஆரம்பித்திருந்தது.

நாய் அவர் முட்டிமேல் வைத்த காலை இன்னும் எடுக்கவில்லை.

"இவ்வளவு இறங்கியிருக்குது. உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. எப்படிப்பா தெரிஞ்சுது?"

அர்த்தநாரி பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் இன்னும் காயவில்லை.

"உங்கம்மா அப்பெல்லாம் எம் பின்னால சும்மா வந்து நிக்கல, கண்ணு," என்றார்.